நிலக்கடலைக்கு உறவான வெந்தயம்

என் மகளுக்கு நிலக்கடலை ஒவ்வாமை இருப்பது அவளுடைய 3 வயதில், கடலை மிட்டாயின் கால் துண்டைத் தின்ற பத்தாவது நிமிடத்தில் எங்களுக்குத் தெரிந்தது. அதன் பிறகு எங்கள் வீட்டுக்குள் கடலை நுழைந்ததில்லை. தாளிக்க நல்லெண்ணெய், பொரிக்கத் தேங்காயெண்ணெய், கடையில் எதை வாங்கினாலும் உறையில் அச்சிட்ட சேர்மானங்களைப் படித்த பிறகே பணம் கொடுப்பது என்று 8 ஆண்டுகளாக வாழ்ந்து பழகிவிட்டோம். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து, சென்ற ஆண்டு காலாண்டு விடுமுறையில், அவளை மறுபடியும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்படி செய்தது எங்கள் அஞ்சறைப்பெட்டியில் இருந்த வெந்தயம்.

திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் அம்மா, பேத்தியின் தலையில் பொடுகு மிகுந்திருப்பதைப் பார்த்துவிட்டு, முதல் நாள் இரவே ஒரு கைப்பிடி வெந்தயத்தைத் தயிரில் ஊறப்போட்டு, காலையில் வெண்ணெய் போல அரைத்து, உச்சி முதல் பிடரி வரை அப்பிவிட்டார்கள். தலை அரிக்கிறது என்று அவள் சொன்னபோது, பொடுகு ஊறுகிறது, அரிக்கத்தான் செய்யும் என்றோம். கால் மணி நேரத்தில் கண்ணிமைகள் தடித்தன, உதடு வீங்கியது, வறட்டு இருமல் தொடங்கி, மூச்சுவிடும்போது நெஞ்சுக்குள் விசில் போன்ற ஒலி கேட்டது. அவசரமாகத் தலையை அலசிவிட்டு ஓடினோம். பணியில் இருந்த மருத்துவர் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். இரண்டு இட்லியும் தேங்காய்ச் சட்டினியும் என்று நானும் அம்மாவும் மாறி மாறிச் சொன்னோமே தவிர, தலையில் அப்பியதைச் சொல்ல எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. காதுக்குப் பின்னால் காய்ந்து ஒட்டியிருந்த மஞ்சள் நிறத் துணுக்கைப் பார்த்து, இது என்ன என்று கேட்டவர் அங்கிருந்த செவிலியர்தான். தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட சில நிமிடங்களில் அவளுடைய மூச்சு சீரானது.

பின்னர் ஒவ்வாமை மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். தோலில் குத்திப் பார்க்கும் சோதனையையும் இரத்தச் சோதனையையும் செய்தபின், நிலக்கடலையும் வெந்தயமும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா என்று அவர் கேட்டபோது, எனக்கு அந்த அறையில் வேறொரு காட்சி நினைவுக்கு வந்தது. ஐந்தாறு வயதில், வெந்தயக் குழம்பு ஊற்றிய சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு, "நாக்கு அரிக்கு ஆச்சி" என்று அவள் அழுதிருக்கிறாள். "கசக்குன்னு சொல்லு, அரிக்குன்னு சொல்லாத" என்று அம்மா ஊட்டிவிட்டதையும், நான் அதைப் பார்த்துக்கொண்டு அடுப்படியில் நின்றதையும் நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. குழந்தை மிகச் சரியான சொல்லைத்தான் சொல்லியிருந்தாள். அன்று முதல் வெந்தயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தும், மருத்துவரிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதிவைக்கிறேன்.

நாம் வெந்தயத்தைக் கடுகு, சீரகம், மிளகோடு சேர்த்தே எண்ணுகிறோம். மளிகைப் பட்டியலிலும் அதன் இடம் அங்கேதான். செடியை அறிந்தவர்களுக்கு அது பயறு. தொட்டியில் ஒரு பிடி தூவி, இரண்டு வாரத்தில் கீரையாகக் கிள்ளியவர்கள் அந்த மூன்று மூன்றான இலைகளைப் பார்த்திருப்பார்கள். கிள்ளாமல் விட்டால் சிறு வெளிர் பூ விட்டு, விரல் நீளத்தில் மெல்லிய நெற்றுக் காய்க்கும். அந்த நெற்றுக்குள் இருப்பதே வெந்தயம். துவரை, உளுந்து, கொண்டைக்கடலை, சோயா, நிலக்கடலை ஆகியவை சேர்ந்த அதே அவரைக் குடும்பம். டிரைகோனெல்லா ஃபீனம் கிரேக்கம் என்ற அதன் தாவரவியல் பெயரின் பிற்பகுதிக்குக் கிரேக்க வைக்கோல் என்று பொருள். மத்தியதரைக் கடல் நாடுகளில் கால்நடைத் தீவனமாகவும் விளைந்த பயிர் அது. இன்று உலகிலேயே மிகுதியாக விளைவிப்பது இந்தியா; ராஜஸ்தானில் அது பெருமளவில் விளைகிறது.

பயறு என்று தெரிந்துவிட்டால் மற்றவை விளங்கத் தொடங்கும். ஒவ்வொரு பயறும் முளைக்கும் கன்றுக்கு உணவாகத் தன் விதைக்குள் புரதத்தைச் சேமித்து வைக்கிறது. வெந்தயத்தின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு புரதம். நிலக்கடலைப் புரதத்தைப் பகையென்று ஒருமுறை குறித்துக்கொண்ட உடலில், அதற்கெனவே உருவான ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்பொருள்கள் காத்திருக்கின்றன. அவை புரதத்தின் உருவத்தைப் பார்த்துப் பற்றுகின்றனவே தவிர, அது எந்தச் செடியிலிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை. வெந்தயத்தின் சேமிப்புப் புரதங்கள் சில, நிலக்கடலையின் முக்கிய ஒவ்வாமைப் புரதங்களோடு உருவத்தில் நெருங்கியவை. ஆகவே ஒன்றுக்காக உருவான எதிர்ப்பொருள் மற்றொன்றையும் பற்றிக்கொள்கிறது. இதைக் குறுக்கு ஒவ்வாமை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

இதை விரிவாக ஆராய்ந்தவர்கள் வெந்தயத்தைப் பாரம்பரியமாக உண்டு வளர்ந்தவர்கள் இல்லை, நார்வே நாட்டினர் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. உணவால் ஏற்படும் கடுமையான ஒவ்வாமை நிகழ்வுகளை நாடு முழுவதிலுமிருந்து திரட்டிப் பதிவுசெய்யும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. கறி மசாலா சேர்ந்த உணவை உண்டு பாதிக்கப்பட்டவர்களின் பதிவுகள் அதில் வந்து சேர, 2009-இல் வெளியான ஆய்வில், வெந்தயத்துக்கு எதிர்வினை காட்டிய இரத்த மாதிரிகளில் பெரும்பாலானவை நிலக்கடலைக்கும் எதிர்வினை காட்டுவதையும், முதலில் உண்டானது நிலக்கடலை ஒவ்வாமை, அதன் வழியாக வந்ததே வெந்தய ஒவ்வாமை என்று கருத இடமிருப்பதையும் கண்டார்கள். நம் நாட்டிலும் பதிவு இல்லாமல் போகவில்லை. 1997-இல் மருத்துவ இதழ் ஒன்றில் இந்திய மருத்துவர்கள் இரண்டு நிகழ்வுகளை எழுதியிருக்கிறார்கள்: வெந்தயப் பொடியின் தூசியை முகர்ந்ததும் மூக்கு ஒழுகி, மூச்சு இழுத்து, மயங்கியவர் ஒருவர், பொடுகுக்காக வெந்தய விழுதைத் தலையில் தடவிக்கொண்டதும் தலை மரத்து, முகம் வீங்கி, மூச்சு இழுத்த ஆஸ்துமா நோயாளி மற்றொருவர். இரண்டாவதைப் படித்தபோது என் மகளின் கதையை யாரோ அவள் பிறப்பதற்கு முன்பே எழுதிவைத்தது போல இருந்தது.

நிலக்கடலை ஒவ்வாமை உள்ள எல்லோருக்கும் வெந்தயம் ஆகாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். இரத்தச் சோதனையில் எதிர்வினை தெரிந்தும் உண்ணும்போது எந்தத் தொல்லையும் இல்லாதவர்கள் உண்டு. ஒரு பயறு சேராதவருக்கு மற்றப் பயறுகள் பெரும்பாலும் தாராளமாகச் சேரும். என் மகளே உளுந்தையும் துவரையையும் எந்தக் குறையுமின்றி உண்கிறாள். கேட்டதும் பதறி, குழந்தையின் தட்டிலிருந்து பயறுகளையெல்லாம் விலக்கினால் சத்துக் குறைபாடுதான் மிஞ்சும். ஆனால் நிலக்கடலையோ சோயாவோ ஒத்துக்கொள்ளாத ஒருவர், வெந்தயம் உண்டபின் வாய் அரிப்பு, தடிப்பு, வயிற்றைப் பிரட்டுதல், மூச்சிரைப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை உணர்ந்திருந்தால், அதை மருத்துவரிடம் பெயர் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். வீட்டிலேயே கொஞ்சம் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பது ஆபத்து. மூச்சுத் திணறலோ தொண்டை அடைப்போ வந்துவிட்டால் முதல் மருந்து அட்ரினலின் ஊசி. அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை அதற்கு ஈடாகாது.

தவிர்க்க முடிவெடுத்த பிறகே வெந்தயம் எங்கெல்லாம் இருக்கிறது என்பது தெரியும். இட்லி, தோசை மாவில் அரிசியோடு ஒரு கரண்டி, சாம்பார்ப் பொடியில், குழம்பு மிளகாய்த்தூளில், மாங்காய், எலுமிச்சை ஊறுகாய்களில் வறுத்துப் பொடித்து, தாளிப்பு வடகத்தில், புளிக்காய்ச்சலில். வங்காளத்தவரின் ஐந்து தாளிப்புப் பொருள்களில் ஒன்று; வடநாட்டுக் குருமாக்களின் மேல் தூவும் கசூரி மேத்தி அதன் உலர்ந்த இலை; இலங்கைத் தமிழர் வீட்டுச் சொதியிலும் அது உண்டு. வெளிநாடுகளில் விற்கும் கறித்தூள் டப்பாக்களில் பெரும்பாலும் இருக்கும். இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள், உறையில் ஒவ்வாமை எச்சரிக்கையாகக் காட்ட வேண்டிய பொருள்களை வகைப்படுத்துகின்றன. அதில் நிலக்கடலையும் சோயாவும் இருக்கின்றன, வெந்தயம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 பொருள்கள் கொண்ட பட்டியலில் கடுகும், இன்னொரு பயறான லூபினும் கூட இருக்கின்றன. வெந்தயம் அங்கும் இல்லை. "மசாலாப் பொருள்கள்" என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் அது இருக்கிறதா என்று அறிய, நான் இரண்டு மூன்று நிறுவனங்களுக்குத் தொலைபேசியில் பேச வேண்டியிருந்தது.

இனி, வெந்தயத்தை மருந்தாக எண்ணி உண்பவர்களைப் பற்றி. எங்கள் வீட்டிலேயே என் மாமனார் 10 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளி; இரவில் ஊறவைத்த வெந்தயத்தைக் காலையில் வெறும் வயிற்றில் மென்று, ஊறிய நீரையும் குடிப்பவர். அவருடைய நம்பிக்கையில் உண்மை இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெந்தயத்தில் ஏறத்தாழ பாதி நார்ச்சத்து. அதில் பெரும்பங்கு, ஊறினால் வழவழப்பாக மாறும் கேலக்டோமன்னன் என்னும் பசை. அது குடலில் கூழாகி, மாச்சத்து செரித்துச் சர்க்கரையாக இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்துகிறது. அதிலுள்ள ஒரு சிறப்பான அமினோ அமிலம் இன்சுலின் சுரப்பைத் தூண்டுவதையும் சோதனைச்சாலைகளில் கண்டிருக்கிறார்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வகை நீரிழிவு உள்ளவர்களின் உணவில் 10 நாட்கள் வெந்தயத் தூளைச் சேர்த்தபோது, சிறுநீரில் வெளியேறும் சர்க்கரை 54 சதவீதம் குறைந்தது.

இந்த இடத்தில் அளவைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வில் கொடுத்தது கொழுப்பு நீக்கிய வெந்தயத் தூள், நாளொன்றுக்கு 100 கிராம். ஒரு தேக்கரண்டி வெந்தயம் 4 கிராமுக்கும் சற்றுக் குறைவு. 2015-இல் வெளியான மற்றொரு இந்திய ஆய்வு, நீரிழிவின் விளிம்பில் இருந்த 140 பேரை 3 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. வேளைக்கு 5 கிராம் வீதம் நாளுக்கு இரண்டு வேளை வெந்தயம் உண்டவர்களைவிட, உண்ணாதவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 4.2 மடங்கு மிகுந்திருந்தது. நல்ல செய்திதான். ஆயினும் இவை சிறிய ஆய்வுகள். ஒவ்வொன்றிலும் அளவும் தூளின் வகையும் வேறுபடுவதால், வெந்தயத்தை மாத்திரைக்கு மாற்றாகக் கொள்ளும் அளவுக்கு இவற்றில் உறுதி இல்லை. குழம்பில் மிதக்கும் நான்கு வெந்தயம் சர்க்கரையைக் குறைக்கும் என்று எண்ணுவதற்கும் இடமில்லை.

அது உண்மையாகவே வேலை செய்யும் அளவில் உண்டால், மருந்துக்கு உரிய எச்சரிக்கைகளும் உடன் வருகின்றன. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் அதே நாளில் தேக்கரண்டி தேக்கரண்டியாக வெந்தயப் பொடியையும் சேர்த்தால், சர்க்கரை அளவு தேவைக்குமேல் இறங்கி, வியர்த்து, நடுங்கி, நிலைகுலையக்கூடும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் உண்ணும் ஒருவர், வெந்தயமும் போல்டோ என்ற மூலிகையும் சேர்ந்த மருந்துகளை எடுத்தபோது இரத்தம் உறையும் நேரம் கூடியதாக 2001-இல் ஒரு நோயாளியின் குறிப்பு வெளியாகியிருக்கிறது; அதைக் கொண்டு வெந்தயத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, எனினும் அந்த மருந்தில் இருப்பவர்கள் மருத்துவர் அறியாமல் வெந்தயச் சிகிச்சையில் இறங்காமல் இருப்பதே நல்லது. குடலில் கூழாகும் அதே பசை, கூடவே விழுங்கும் மாத்திரைகள் உட்கிரகிக்கப்படுவதையும் தாமதப்படுத்தலாம். வயிற்றுப்போக்கு, உப்புசம், குமட்டல் ஆகியவை மிகுதியாக உண்பவர்கள் அடிக்கடி சொல்லும் தொல்லைகள். என் மாமனாரின் மருத்துவர் அவருடைய பழக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அளவை மாற்றாமல் ஒரு தேக்கரண்டியில் வைத்துக்கொள்ளும்படியும், கூட்டுவதாக இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்கும்படியும் சொன்னார். அதற்கு முன்பு வரை, வெந்தயம் உண்கிறேன் என்று அவரிடம் என் மாமனார் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அது அவருக்கு மருந்தாகவே தோன்றாததுதான் காரணம்.

கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் வெந்தயக் களியும் வெந்தயக் கஞ்சியும் கொடுப்பது நம் வழக்கம். உணவில் இயல்பாகச் சேரும் அளவைத் தாண்டி வெந்தயத்தை எடுப்பது கர்ப்பகாலத்தில் பாதுகாப்பானது இல்லை என்று அமெரிக்க அரசின் மாற்று மருத்துவ ஆய்வு மையம் எச்சரிக்கிறது. சாம்பாரைக் கண்டு எந்தக் கர்ப்பிணியும் அஞ்ச வேண்டியதில்லை. வெந்தய மாத்திரைகளையும், சாறு வடித்த தூள்களையும், நாள்தோறும் கைப்பிடி அளவில் உண்பதையும் தவிர்க்க வேண்டும். பால் சுரக்க வெந்தயம் உதவும் என்பது பல நாட்டுத் தாய்மார்களின் நம்பிக்கை. அதை ஆராய்ந்தவற்றின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. நிலக்கடலை ஒவ்வாமை உள்ள தாய்க்கு இதைக் கொடுக்குமுன் கட்டாயம் யோசிக்க வேண்டும் என்பதை மட்டும் நான் அழுத்திச் சொல்வேன்.

வெந்தயத்தின் மணத்தைப் பற்றி ஒரு செய்தி இங்கே பொருந்தும். அந்த மணத்துக்குக் காரணமான சோட்டலோன் என்ற பொருள் உடலைக் கடந்து வியர்வையிலும் சிறுநீரிலும் பாகு போன்ற வாசனையாக வெளிப்படும். மேப்பிள் பாகுச் சிறுநீர் நோய் என்ற, பிறவியிலேயே வரும் அரிய, ஆபத்தான நோயிலும் குழந்தையின் சிறுநீர் இதே மணம் வீசும். 1999-இல் வெளியான ஒரு குறிப்பில், வாயு தீர எகிப்தியர்கள் தரும் ஹெல்பா என்னும் வெந்தயத் தேநீரைக் குடித்த 5 வாரக் குழந்தை சிறிது நேரம் நினைவிழந்ததும், அதன் சிறுநீரின் மணத்தால் அந்த நோயோ என்று மருத்துவர்கள் ஐயுற்றதும், பின்னர் உண்மை தெரிந்ததும் பதிவாகியுள்ளன. பிரசவத்துக்கு முன் தாய் வெந்தயம் உண்டதால், பிறந்த குழந்தையிடம் அதே மணம் வீசிய நிகழ்வும் உண்டு. கைக்குழந்தைக்கு வெந்தய நீர் புகட்டும் பழக்கம் உள்ள வீடுகள் அதைக் கைவிட வேண்டும். தாய் உண்டிருந்தால் குழந்தையின் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

முளைகட்டிய வெந்தயத்தைப் பச்சையாக உண்பவர்களுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. 2011-ஆம் ஆண்டு மே முதல் ஜூலை வரை ஜெர்மனியில் ஈ. கோலை கிருமியின் கொடிய வகை ஒன்று பரவி, 3,800-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 800-க்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதாகும் நிலை ஏற்பட்டது. 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முதலில் பழி வெள்ளரிக்காய்மேல் விழுந்தது. இறுதியில், லோயர் சாக்சனி மாநிலத்துப் பண்ணை ஒன்றின் முளைகளும், பிரான்சின் போர்தோ நகருக்கு அருகே நோயுற்றவர்கள் உண்ட முளைகளும், எகிப்திலிருந்து 2009-இல் இறக்குமதியான ஒரே தொகுதி வெந்தய விதையிலிருந்து வந்தவை என்று தடம்பிடித்தார்கள். வெந்தயத்தைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை; எந்த விதையின்மேல் கிருமி ஒட்டியிருந்தாலும், முளைவிடத் தேவைப்படும் வெதுவெதுப்பும் ஈரமும் அக்கிருமி பெருகவும் ஏற்றவை. முளைகளை ஆவியில் வேகவைத்தோ, நன்றாக வதக்கியோ உண்டால் இந்த அச்சம் நீங்கும். கர்ப்பிணிகளும் முதியவர்களும் சிறு குழந்தைகளும் பச்சை முளையைத் தொடவே வேண்டாம் என்பேன்.

என் மகள் இப்போது பள்ளிக்கு எடுத்துச் செல்லும் பையில், அட்ரினலினோடு, மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு தாளும் இருக்கிறது. நிலக்கடலை என்று எழுதியதற்குக் கீழே வெந்தயம், வெந்தயக் கீரை, கசூரி மேத்தி என்று மூன்று பெயர்களையும் எழுதச் சொல்லி வாங்கினேன், ஏனெனில் மூன்றும் ஒன்றுதான் என்று பள்ளியில் பலருக்குத் தெரியவில்லை. வீட்டில் மாமனாரின் வெந்தயத்துக்குத் தனிப் புட்டியும், அதற்கென்றே ஒரு மிக்சி ஜாரும் வைத்திருக்கிறோம். அவர் பொடிக்கும்போது அவள் மாடியில் இருப்பாள், ஏனென்றால் தூசியும் ஆகாது. மாவில் வெந்தயத்தை விட்டுவிட்டதால் முதல் சில வாரங்கள் இட்லி கல்லாக இருந்தது, தோசையும் சிவக்கவில்லை. மாவின் புளிப்பில் உண்டாகும் காற்றைப் பிடித்துவைத்து மென்மை தருவது வெந்தயத்தின் வழவழப்புத்தான் என்பது அப்போது விளங்கியது. அம்மா ஒரு பிடி அவலை ஊறவைத்துச் சேர்த்து, உளுந்தைக் கொஞ்சம் கூட்டி, நான்கு முறை அரைத்துப் பார்த்து, சரியான பக்குவத்தைக் கண்டுபிடித்தார்கள். ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக, இரண்டு தகர டப்பாக்களில் சாம்பார்ப் பொடி அரைத்து அனுப்பினார்கள். ஒன்றின் மூடியில் பேத்தியின் பெயரும், "வெந்தயம் போடலை" என்ற சொற்களும் அம்மாவின் கையெழுத்தில் இருக்கின்றன.